கருப்பு ட்யூபை ஒளிச்சு வச்ச டீச்சரும் பிஸ்ஸாரோவும்

நான் படம் வரைய ஆரம்பிச்சு மூணு வருஷம் ஆகுது. அதுக்கு முன்னாடி ஸ்கூல் ரெக்கார்டு நோட்டுல தவளை வரைஞ்சதோட சரி. லண்டன் வந்தப்புறம் ஒரு குளிர்காலம் வீட்டுக்குள்ளயே அடஞ்சு கிடந்து பைத்தியம் புடிக்கிற மாதிரி ஆனப்ப, வீட்டுக்காரர் தான் எங்கயாச்சும் க்ளாஸ்ல சேருன்னு தள்ளி விட்டாரு, அப்படி போனது தான் இந்த ஈவ்னிங் பெயிண்டிங் க்ளாஸ்.

மொத நாளே டீச்சரம்மா என் பெட்டிய தொறந்து கருப்பு ட்யூபை எடுத்து தன்னோட டிராயர்ல போட்டு பூட்டிட்டாங்க. கோர்ஸ் முடியிறப்ப தரேன்னாங்க. எனக்கு கோவம்னா கோவம். ஆறு பவுண்ட் குடுத்து வாங்கினது! நிழலுக்கு என்ன பண்றதாம், ராத்திரிக்கு என்ன பண்றதாம், முடிக்கு என்ன பண்றதாம்? எங்க ஊர்ல பொம்பளைங்க தலைமுடி எல்லாம் என்ன கலரு?

அவங்க ஒண்ணும் சொல்லல. ஒரு பிரிண்ட் எடுத்து காட்டினாங்க. பெயிண்டர் கைல வச்சுக்கிற மரத்தட்டு இருக்குல்ல, பேலட், அந்த தட்டு மேலயே ஒரு ஆளு ஒரு கிராமத்தை வரைஞ்சு வச்சிருக்காரு, மாட்டு வண்டியோ குதிரை வண்டியோ, மரம், வானம் எல்லாம். அந்த படத்துக்கு தேவையான கலர் கட்டி கட்டியா தட்டோட ஓரத்துலயே அப்படியே காஞ்சு கிடக்கு. எண்ணி பாத்தேன். வெள்ளை, மஞ்சள், சிவப்பு, ஊதா, நீலம், பச்சை. ஆறே ஆறு. கருப்பு இல்ல, மண் கலர் எதுவும் இல்ல. இத வச்சு தான் நடுவுல இருக்குற மொத்த ஊரும் வந்திருக்கு. காமிய் பிஸ்ஸாரோ, 1878 வாக்குல பண்ணினது, இப்ப அமெரிக்காவுல க்ளார்க் மியூசியத்துல இருக்கு.

எனக்கு அப்ப மோனேவையும் வான்காவையும் தவிர வேற யாரையும் தெரியாது. பிஸ்ஸாரோன்னதும் பிக்காசோவ தான் இவங்க தப்பா சொல்றாங்கன்னு நெனச்சேன், உண்மைய சொல்லிடறேன்.

அப்புறம் வீட்டுக்கு வந்து தேடி படிச்சா, அந்த ஆளு எங்க ஏரியாக்காரரு! அதாவது 1870 டிசம்பர்ல இருந்து 1871 நடுப்பகுதி வரைக்கும் அப்பர் நார்வுட்ல குடும்பத்தோட இருந்திருக்காரு. நான் பஸ்சுல தினம் தாண்டி போற இடம். கல்யாணமே க்ராய்டன்ல தான் ரெஜிஸ்டர் பண்ணிருக்காரு, 1871 ஜூன்ல. நாம மாவும் முருங்கைக்காயும் வாங்கப் போற க்ராய்டன். அதுக்கு முன்னாடியே பிள்ளைங்க பொறந்து இன்னொண்ணும் வயித்துல, ஏன்னா அந்தம்மா ஜூலி அவரோட அம்மா வீட்டுல சமையல் வேலைக்கு வந்தவங்க, வீட்டுல ஒத்துக்கல. கதை எங்கயும் ஒரே கதை தான்.

சரி, மொதல்ல இருந்து சொல்றேன், ஏன்னா இவரு பொறந்த இடம் தான் என்னை புடிச்சு இழுத்துச்சு. 1830ல கரீபியன் கடல்ல செயின்ட் தாமஸ்னு ஒரு தீவு, அப்ப டென்மார்க் கைல இருந்துச்சு. அப்பாவுக்கு அங்க கடை. நடுவுல கொஞ்ச வருஷம் பிரான்ஸ்ல ஸ்கூல், 17 வயசுல திரும்பி வந்து அப்பா கடை வேலை. துறைமுகத்துல சரக்கு இறங்கறத கணக்கு எடுக்க அனுப்பினா இவரு அங்க உக்காந்து கூலியாளுங்களையும் கப்பலையும் வரைஞ்சுட்டு இருந்திருக்காரு. 1852ல ஃப்ரிட்ஸ் மெல்பின்னு ஒரு டேனிஷ் பெயிண்டர் கூட சேந்து வெனிசுலாவுக்கு கிளம்பிட்டாரு. ரெண்டு வருஷம் காரகாஸ்ல வரைஞ்சுட்டு திரும்பி வந்து, 1855ல பாரிஸ். அதுக்கப்புறம் அந்த தீவுக்கு திரும்பவே இல்ல. பாரிஸ்ல இருந்துக்கிட்டு ஞாபகத்துல இருந்து 1856ல ஒரு படம் வரைஞ்சிருக்காரு, கடலோரமா ரெண்டு பொம்பளைங்க சுமையோட நின்னு பேசிட்டு இருக்குற மாதிரி. வானம் லேசா ரோஸ் கலந்த வெளிச்சம், பாதைல வெயில் அடிச்சு மண்ணே பளபளன்னு இருக்கும். பாத்த உடனே எனக்கு ராமநாதபுரம் பக்கம் சாயங்காலம் மாதிரி இருந்துச்சு.

இப்ப கேள்வி என்னன்னா, இவ்ளோ வெயில்ல பொறந்து வளந்த ஒருத்தரு, அப்புறம் வாழ்நாள் பூரா எத வரைஞ்சாரு? பனி. மூடுபனி. மழை. காலைல புல்லு மேல படிஞ்ச உறைபனி. வெயில் இருந்தாலும் இளம் வெயில். நான் இங்க வந்து அஞ்சு வருஷமா "என்னடா ஊரு இது, கலரே இல்ல"ன்னு புலம்பிட்டு இருக்கேன், அந்த மனுஷன் அதே ரோட்டுல நின்னு இதுல எத்தனை கலரு இருக்குன்னு எண்ணிட்டு இருந்திருக்காரு.

அவருக்கும் இது ஒரு நாள்ல வந்துடல. பாரிஸ் வந்ததும் கோரோன்னு பெரியவர் ஒருத்தர் கிட்ட போய் கத்துக்கிட்டாரு. கோரோ படமெல்லாம் ஒரு வெள்ளி சாம்பல் கலர்ல மூச்சு விடும். 1864லயும் 65லயும் சலோன், அதான் அரசாங்கம் நடத்துற பெரிய கண்காட்சி, அதோட கேட்டலாக்ல இவரு தன் பேருக்கு கீழ கோரோவோட மாணவன்னு போட்டுக்கிட்டாரு. 1867ல பாரிஸுக்கு வெளில பொந்துவாஸ்னு ஒரு ஊர் பக்கத்துல ஜாலே குன்றுன்னு வரைஞ்ச படம் ஒண்ணு நியூயார்க் மெட்ரோபாலிட்டன்ல இருக்கு, ஆன்லைன்ல பெருசு பண்ணி பாருங்க. நல்ல படம், கெட்டியான படம், கட்டடம் கட்டுற மாதிரி பட்டை பட்டையா பெயிண்ட் வச்சிருப்பாரு. ஆனா பச்சையெல்லாம் கனமா, கொஞ்சம் மண் வாசனையோட இருக்கும். வெளிச்சம் இருக்கு, ஆனா வெளிச்சம் பொருள் மேல விழுது, அவ்ளோ தான். வெளிச்சமே படமா மாறல இன்னும்.

அது எங்க மாற ஆரம்பிச்சுதுன்னா, என் கருத்து, இந்த நார்வுட்ல தான். ஓவியம் பத்தி எழுதற பெரிய ஆளுங்க, பாரிஸ் பக்கத்துல லூவ்சியென்னு ஒரு ஊர்ல மோனே கூட சேந்து வரைஞ்சப்பவே ஆரம்பிச்சிடுச்சுன்னு சொல்வாங்க, சொல்லிட்டு போகட்டும், எங்க ஏரியாவ நான் விட்டுக்குடுக்க மாட்டேன்.

1870ல பிரான்ஸுக்கும் ஜெர்மன் நாடான பிரஷ்யாவுக்கும் போர் வந்தப்ப லூவ்சியென்ல இருந்த வீட்டை அப்படியே போட்டுட்டு ஓடி வந்தவங்க இவங்க. பிரஷ்ய பட்டாளம் அந்த வீட்டுல தங்கிடுச்சு. இருபது வருஷ உழைப்பு, ஏறக்குறைய 1500 படம் உள்ள இருந்துச்சாம். போர் முடிஞ்சு கணக்கு பாத்தா மிச்சம் 40 தான் இருந்துச்சுன்னு சொல்றாங்க. சேத்துல பூட்ஸ் புதையாம இருக்க கேன்வாஸ தோட்டத்துல விரிச்சு போட்டு அது மேல நடந்திருக்கானுங்க. எனக்கு என் பழைய போன் தண்ணில விழுந்து ஆறு மாச போட்டோ போனதுக்கே ரெண்டு நாள் சோறு இறங்கல. இந்த மனுஷன் 40 வயசுல திரும்ப மொதல்ல இருந்து.

அந்த லண்டன் ஆறேழு மாசத்துல வரைஞ்ச படங்கள்ல ரெண்டு நேஷனல் கேலரில இருக்கு. காசு குடுக்க வேணாம், நேரா உள்ள போலாம். ஒண்ணு ஃபாக்ஸ் ஹில்னு ஒரு ரோடு, லேசா பனி விழுந்திருக்கு. இன்னொண்ணு சிடன்ஹாம்ல ஒரு அகலமான அவென்யூ, வசந்த காலம், தூரத்துல சர்ச் கோபுரம். அந்த ரோடு இப்ப லாரி பார்க் அவென்யூ, அந்த செயின்ட் பார்தலோமியூ சர்ச் இன்னும் அங்கயே நிக்குது. ஒரு ஞாயித்துக்கிழமை வீட்டுக்காரரை கூட்டிட்டு போனேன்.

"இங்க என்ன இருக்கு பாக்க, ரோடு தானே?"

"ரோடு தாங்க."

"இதுக்கா ரெண்டு பஸ் மாறி வந்தோம்?"

போன்ல அந்த படத்தை எடுத்து ரோட்டுக்கு நேரா புடிச்சு காட்டினேன். ஒரு நிமிஷம் பேசாம நின்னாரு. அப்புறம் "கார் தான் ஜாஸ்தியாயிருக்கு"ன்னாரு.

அந்த படத்துல ஒரு விஷயம் இருக்கு. ரோட்டுல நம்மளை பாத்து ஒரு பொம்பளை நடந்து வர்ற மாதிரி மொதல்ல வரைஞ்சுட்டு அப்புறம் அது மேல பெயிண்ட் பூசி மறைச்சிருக்காரு. எக்ஸ்ரே எடுத்து கண்டுபிடிச்சிருக்காங்க, கொஞ்சம் உத்து பாத்தா ரோட்டுல ஒரு மங்கலான உருவமா தெரியவும் செய்யுது. லார்ட்ஷிப் லேன் ஸ்டேஷன்னு இன்னொரு படம், அது கோர்ட்டால்ட் கேலரில இருக்கு, பாலத்து மேல நின்னு ரயில் நம்மளை பாத்து வர்றத வரைஞ்சது, அதுலயும் சரிவுல நின்ன ஒரு ஆளை அழிச்சிருக்காரு. ஆள் இருந்தா கண்ணு ஆள் மேல போயிடும். ஆளை தூக்கினா என்ன மிச்சம்? ஈரமான வானமும், ரெண்டு பக்கம் பச்சை சரிவும், நடுவுல ரயில் புகையும். லண்டனோட அந்த அழுக்கு வெள்ளை வெளிச்சம். அத நான் தினம் பாக்குறேன், ஆனா அதுல பச்சையும் சாம்பலும் எப்படி ஒண்ணுக்குள்ள ஒண்ணு கலந்து நிக்குதுன்னு அந்த படம் பாக்குற வரைக்கும் பாத்ததில்ல.

மோனேவும் அதே நேரம் லண்டன்ல. ரெண்டு பேரும் சேந்து மியூசியம் மியூசியமா சுத்தி டர்னர், கான்ஸ்டபிள்னு பழைய இங்கிலீஷ் பெயிண்டருங்க படமெல்லாம் பாத்திருக்காங்க. ராயல் அகாடமிக்கு படம் அனுப்பி ரெண்டு பேருக்கும் ரிஜெக்ட். இங்க தான் துராந்த் ருயேல்னு ஒரு பாரிஸ் வியாபாரிய பாத்தாங்க, அவரும் போருக்கு தப்பிச்சு வந்தவரு, பின்னாடி இம்ப்ரெஷனிஸ்டுங்க, அதாவது கண்ணுல பட்ட வெளிச்சத்தை அப்படியே வரைஞ்ச இந்த மோனே, பிஸ்ஸாரோ கோஷ்டி, அவங்களுக்கெல்லாம் சோறு போட்ட ஆளு அவரு தான்.

திரும்பி போய் பொந்துவாஸ்ல குடியேறினாரு. அப்புறம் 1874 ஏப்ரல்ல அந்த இம்ப்ரெஷனிஸ்ட் கோஷ்டியோட புகழ்பெற்ற மொத கண்காட்சி, போட்டோகிராஃபர் நதாரோட பழைய ஸ்டூடியோல. அந்த கோஷ்டிக்கு சங்க விதி எழுதணும்னதும் இவரு பொந்துவாஸ் ரொட்டிக்கடைக்காரங்க சங்கத்தோட விதிகளை மாதிரியா கொண்டு வந்து வச்சாராம், இது எனக்கு ரொம்ப புடிச்ச தகவல். 1886 வரைக்கும் மொத்தம் எட்டு கண்காட்சி நடந்துச்சு, எட்டுலயும் படம் வச்சது இவரு ஒருத்தரு தான். மோனே கூட நடுவுல நழுவிட்டாரு.

மொத கண்காட்சில இவரு வச்ச ஒரு படம் "உறைபனி", 1873ல வரைஞ்சது. உழுத வயல், சாய்வா போற சால், முதுகுல விறகு சுமந்துட்டு ஒரு ஆளு. வயல் மேல நீள நீளமா நிழல் கோடு விழுந்திருக்கும், நீலமா. அந்த நிழலுக்கு மரம் எங்கன்னு தேடினா அது படத்துல இருக்காது, நமக்கு பின்னாடி எங்கயோ நிக்குது, நிழல் மட்டும் உள்ள வந்திருக்கு. அப்ப இருந்த விமர்சகர் காஸ்தான்யாரி, இவங்களை ஆதரிச்ச ஆளு தான், அவரே இது தப்புன்னு எழுதினாரு, படத்துக்கு வெளில இருக்குற மரத்தோட நிழலை எப்படி உள்ள போடலாம்னு. லூயி லெருவான்னு இன்னொருத்தர் கிண்டல் பத்திரிகைல எழுதினது தான் பிரபலம். இது வயலா, இது பனியா, அழுக்கு கேன்வாஸ் மேல பேலட்டை சுரண்டி அப்பின மாதிரி இருக்குன்னு.

இத படிச்சப்ப சிரிச்சேன், ஏன்னா அதுக்கு ரெண்டு வாரம் முன்னாடி தான் அம்மாவுக்கு வீடியோ கால்ல என் படத்தை காட்டி வாங்கி கட்டிக்கிட்டேன்.

"ஏண்டி, நிழலுக்கு யாராச்சும் ஊதா கலர் அடிப்பாங்களா? காப்பி கொட்டின மாதிரியும் இல்ல, மை கொட்டின மாதிரியும் இல்ல."

"அங்க அப்படி தாம்மா தெரியுது."

"கண்ணாடி போட்டு பாரு."

நிழல் எப்படி நீலமாகும்னா, அது பெரிய மந்திரம் இல்ல. நேரடி வெயில் படாத இடத்துக்கும் வானத்துல இருந்து வெளிச்சம் வருது, வானம் நீலம், அதனால நீலம் ஏறுது. அதோட நம்ம கண்ணு வேற ஒரு விளையாட்டு காட்டும். ஷெவ்ருல்னு ஒரு கெமிஸ்ட், பாரிஸ்ல கோப்லான் நெசவுக்கூடத்துல சாயப்பட்டறைக்கு தலைவரா இருந்தாரு. அங்க ஒரு புகார் வந்துச்சு, கருப்பு நூல் சரியா கருப்பா இல்ல, சாயம் மட்டம்னு. அவரு சோதிச்சு பாத்தா சாயம் நல்லாத்தான் இருக்கு, பக்கத்துல வச்சு நெய்ஞ்ச கலர் தான் கருப்ப வெளிற வைக்குது. ஒரு கலரு பக்கத்து கலரை தன்னோட எதிர் கலர் பக்கம் தள்ளும். மஞ்சளுக்கு பக்கத்துல இருக்குற சாம்பல் ஊதாவா தெரியும். 1839ல இதை புத்தகமா போட்டாரு. கருப்பு நூல் பத்தின ஒரு புகார்ல ஆரம்பிச்சது கடைசில பெயிண்டருங்க கைல போய் கருப்பையே வீட்ட விட்டு தொரத்திடுச்சு!

இன்னொரு காரணம் ட்யூப். 1841ல ஜான் ராண்ட்னு ஒரு அமெரிக்கர் தகர ட்யூப் கண்டுபிடிக்கற வரைக்கும் பெயிண்டை பன்னியோட மூத்திரப்பைல கட்டி வச்சு ஊசில குத்தி பிதுக்கிட்டு இருந்தாங்க. அத தூக்கிட்டு வயக்காட்டுக்கு போனா வெளங்குமா. ட்யூப் வந்துச்சு, வெளில போனாங்க, நிழலோட நிஜ கலரை பாத்தாங்க.

பொந்துவாஸ் காலத்துல தான் செசான்னு ஒரு பெயிண்டர் இவர் கிட்ட வந்தாரு. முரட்டு ஆளு, கருப்பும் காவியும் அள்ளி அப்பற ஆளு. பிஸ்ஸாரோவோட லூவ்சியென் படம் ஒண்ணை இரவல் வாங்கிட்டு போய் அப்படியே காப்பி பண்ணி கத்துக்கிட்டாரு, அதுக்கப்புறம் செசான் பேலட்டே வெளுத்துச்சு. கோகன்னு இன்னொரு பெயிண்டருக்கும் இவரு தான் சொல்லிக்குடுத்தாரு. பிஸ்ஸாரோ செத்து மூணு வருஷம் கழிச்சு, 1906ல, செசான் தன் ஊர் கண்காட்சி கேட்டலாக்ல தன் பேர் பக்கத்துல பிஸ்ஸாரோவோட மாணவன்னு போட வச்சாரு. அப்ப செசானே 67 வயசு கிழவர். கோரோவுக்கு பிஸ்ஸாரோ பண்ணின மாதிரியே.

ஆனா இவரு வாழ்க்கைல எனக்கு ரொம்ப புடிச்ச இடமும், ரொம்ப எரிச்சல் வர்ற இடமும் ஒண்ணு தான். 1885ல 55 வயசு, தலைமுடி தாடியெல்லாம் வெள்ளை, வீட்டுல பிள்ளைங்க நெறைய, கடன் கழுத்து வரைக்கும். அப்ப சூரா, சின்யாக்னு ரெண்டு இளவட்ட பெயிண்டருங்களை சந்திக்கிறாரு. சூராவுக்கு 25 வயசு. அவங்க பாணி புள்ளி வச்சு வரையறது, கலரை தட்டுல கலக்காம கேன்வாஸ்ல பக்கத்துல பக்கத்துல சுத்தமா வச்சு பாக்குறவன் கண்ணுல கலக்க விடறது. நம்ம ஆளு என்ன பண்ணினாரு? பையன் வயசு ஆளு கிட்ட போய் உக்காந்து புள்ளி வைக்க கத்துக்கிட்டாரு! அப்ப அவர் மூத்த மகன் லூசியானே அந்த கோஷ்டில தான் இருந்தான். துராந்த் ருயேலுக்கு அந்த பாணி புடிக்கல, படம் விக்கல, ஜூலியம்மா முயலும் காய்கறியும் வளத்து குடும்பத்தை ஓட்டுறாங்க, இவரு புள்ளி வச்சுட்டு இருக்காரு. நான் அந்தம்மாவா இருந்தா பிரஷ்ஷை அடுப்புல போட்டிருப்பேன்.

அந்த புள்ளி காலத்துல ஆப்பிள் பறிக்கிற படம் ஒண்ணு, 1888, டல்லாஸ்ல இருக்கு. மரத்தடி நிழல் வட்டமா விழுந்திருக்கு, அந்த நிழல்ல நீலம், ரோஸ், ஊதா, பச்சைன்னு ஆயிரக்கணக்குல பொட்டு. அழகா இருக்கா? இருக்கு. ஆனா எனக்கு அதுல காத்து வரல. கோலம் போட்டு முடிச்சப்புறம் அது மேல நடக்க பயமா இருக்கும்ல, அப்படி. அவருக்கே அப்படித்தான் தோணியிருக்கு போல, நாலஞ்சு வருஷத்துல விட்டுட்டாரு. ஒரு படத்துக்கு மாசக்கணக்குல ஆகுது, அதுக்குள்ள வெளிச்சம் போயிடுது, மனசுல பட்டது செத்துடுது, இது தான் அவரோட குறை. ஆனா விட்டப்புறம் வந்த படங்கள பாருங்க, அந்த புள்ளி பழக்கம் முழுசா போகல, கை மறுபடி வேகமாச்சு, கலரு மட்டும் முன்ன விட சுத்தமா நிக்குது. 1892ல துராந்த் ருயேல் பெரிய கண்காட்சி வச்சாரு, படங்கள் வித்துச்சு. எரன்யின்னு ஒரு கிராமத்துல குடியிருந்த வீட்டை அதே வருஷம் மோனே கிட்ட கடன் வாங்கி சொந்தமாக்கினாங்க.

காசு கொஞ்சம் வர ஆரம்பிச்சப்ப கண்ணு போச்சு. முழுசா இல்ல, வலது கண்ணுல கண்ணீர் பைல ஒரு தீராத இன்ஃபெக்‌ஷன், காத்து அடிச்சா தூசி பட்டா வீங்கிடும். வாழ்நாள் பூரா வயக்காட்டுல நின்னு வரைஞ்சவருக்கு டாக்டரு வெளில நிக்காதன்னுட்டாரு. அதனால ஹோட்டல்ல மாடி ரூம் எடுத்து ஜன்னல சாத்திட்டு கண்ணாடி வழியா வரைய ஆரம்பிச்சாரு. 1896ல ரூவான் துறைமுகம் (சின்ன வயசுல துறைமுகத்துல கணக்கெழுத அனுப்பினாங்களே, அதே மாதிரி கப்பலு, கூலியாளு, புகை). 1897 பிப்ரவரில இருந்து ஏப்ரல் வரைக்கும் பாரிஸ்ல ஒரே ஹோட்டல் ரூம், ஒரே ஜன்னல், கீழ பூல்வார் மொன்மார்த்ர், அந்த ஒரே தெருவ 14 தடவை. பனில, வெயில்ல, மழைல, திருவிழா கூட்டத்துல. அதுல வசந்த கால காலைப்படம் ஒண்ணு 2014ல லண்டன் ஏலத்துல கிட்டத்தட்ட 2 கோடி பவுண்டுக்கு போச்சு.

14ல ஒண்ணே ஒண்ணு தான் ராத்திரி. அது இங்க நேஷனல் கேலரில இருக்கு. நான் கருப்பு ட்யூபுக்காக சண்டை போட்டேன்ல, "ராத்திரிக்கு என்ன பண்றது"ன்னு, அதுக்கு பதில் அங்க தொங்குது. மழை பெஞ்ச தெரு. வானம் அடர் நீலமும் ஊதாவும். தெரு நடுவுல புதுசா வந்த எலெக்ட்ரிக் விளக்கு வரிசையா குளிர்ச்சியான வெள்ளைல, ரெண்டு பக்கமும் கடை ஜன்னல்ல கேஸ் விளக்கு ஆரஞ்சுல, வரிசையா நிக்கிற குதிரை வண்டி விளக்கெல்லாம் சின்ன சின்ன பொட்டு. கிட்ட போனா வெறும் தேய்ப்பு தான், ஒரு மனுஷன் கூட மனுஷனா இல்ல. எட்டடி பின்னாடி வந்தா ரோடே ஈரமாயிடுது. அந்த படத்துல அவரு கையெழுத்து போடல, உயிரோட இருக்குற வரைக்கும் எங்கயும் காட்சிக்கும் வைக்கல. 1903ல செத்துப் போனாரு.

கோர்ஸ் முடிஞ்ச அன்னிக்கு டீச்சரம்மா மறக்காம கருப்பு ட்யூபை திருப்பி குடுத்தாங்க. இன்னும் சீல் உடைக்கல. இப்ப எங்க கிச்சன் ஜன்னல்ல இருந்து தெரியிற பஸ் ஸ்டாப்பை வரைஞ்சுட்டு இருக்கேன், ஒரே ஜன்னல், இதுவரைக்கும் அஞ்சு. நாலு மழை, ஒரு பனி. ஆறாவது வெயில்ல வரணும்னு கேன்வாஸெல்லாம் ரெடி பண்ணி வச்சு ஒம்போது நாளாச்சு. அம்மா தான் தினம் கேக்குறாங்க, "இன்னிக்காச்சும் வெயில் வந்துச்சாடி?"